முப்பத்தேழாவது ஆணி

எங்கள் பழைய ரயில் கொட்டகையில் இப்போது வேலை செய்யும் இளசுகள் பழைய பைல்களை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள். நல்ல விசயம். ஏற்றுகிறவர்கள் ஏற்றிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். வாசிக்கத் தொடங்கினால்தான் வில்லங்கம். போன மாதம் ஒரு பிள்ளை, இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கட பிள்ளைதான், எனக்குப் போனில் ஒரு படம் அனுப்பினாள். பச்சை அட்டை பைலில் ஒரு பக்கம். முறிந்த ஆணி முப்பத்தேழு, வேலை தொடக்கம் எண்பத்தாறு ஒக்டோபர், முடிவு எண்பத்தொன்பது யூலை. கீழே அவளுடைய கேள்வி: "அங்கிள், முப்பத்தேழு ஆணிக்கு மூண்டு வருசமோ? எல்லாரும் நித்திரையோ?"

ஓய்வில் இருப்பவனிடம் கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்பதை அந்தப் பிள்ளை இனியாவது தெரிந்துகொள்ளட்டும்.

நீராவி என்ஜின்களின் கொதிகலன் திருத்துவது என் தொழில். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தேன், பரீட்சை எழுதினேன், பிறகு மாஸ்டர் பத்திரமும் எடுத்தேன். இத்தனை வருசப் படிப்பை ஒரு வரியில் முடித்துவிட்டேன் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. அங்கே படித்ததில் உருப்படியானதை அதற்கு முன்பே ஒரு பிழை விட்டுப் படித்து முடித்திருந்தேன்.

எண்பத்து நாலில் நான் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊரில் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், இன்ஜினியரிங் இரண்டு வருசம் படித்துவிட்டு, மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தவன். கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்குப் பக்கம் கடந்து, கடைசியில் ஸ்டுட்கார்ட்டில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் தள்ளி ஒரு சின்ன ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். பழைய விடுதி ஒன்றுதான் அகதிகளான எங்களுடைய ஹைம். தமிழர் பதினொரு பேர், அடுப்பு ஒன்று. அகதி அந்திராக், அதாவது விண்ணப்பம், முடிவாகும்வரை அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. முதல் இரண்டு வருசம் வேலை செய்யவும் அனுமதி இல்லை.

என் அறையில் இருந்தவர் தவம் அண்ணை. பருத்தித்துறைப் பக்கம் பஸ் ஓட்டியவர். நான் எதைப் பேசினாலும் அதில் ஒரு சூத்திரம் வந்துவிடும் என்பதால் எனக்குக் கம்பஸ் என்றே பெயர் வைத்திருந்தார். சோறு குழைந்தாலும் "கம்பஸ், இதுக்கு ஏதும் சமன்பாடு இருக்கோ?" என்று கேட்பார். இருந்தது. சொல்லவும் செய்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

வேலைதான் செய்யக் கூடாதே தவிர, பொதுத் தொண்டு செய்யலாம். செய்யத்தான் வேண்டும். மற்றவர்களைச் சேமக்காலையில் கல்லறைகளைக் கூட்டவும் பூங்காவில் இலை பொறுக்கவும் அனுப்பிய, உதவிப்பணம் தரும் சோசல் அலுவலகம், இன்ஜினியர் என்று நானே எழுதிக் கொடுத்த கடதாசியைப் பார்த்து, என்னை ஒரு சங்கத்துக்கு அனுப்பியது. பழைய நீராவி என்ஜினைக் காப்பாற்றும் சங்கம்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஊர்ப் பல் டொக்டர் லிண்டர், ஒதுக்கித் தள்ளிய என்ஜின்களை ரயில்வே இரும்பு விலைக்கு விற்ற காலத்தில் ஒன்றைத் தன் சொந்தப் பெயரில் வாங்கிவிட்டார். அவருடைய மனைவி சொல்வாராம், வேறொருத்தியோடு போயிருந்தால்கூட இந்த மனிசன் இப்படி மழைக்குள் நின்றிருக்க மாட்டார் என்று. சங்கம் பதிய இங்கே ஏழு பேர் வேண்டும். டொக்டர், மனைவி, உதவியாளர் என்று மூன்று பேர். மிச்ச நாலு பேரும் நோயாளிகள். வாயைத் திறந்துகொண்டு கதிரையில் படுத்திருப்பவரிடம் கேட்டால் அவர் எப்படி ஏலாது என்று சொல்வார்?

என்ஜின் ஊருக்கு வெளியே, ஒரு தானியக் களஞ்சியத்தின் பக்கத் தண்டவாளத்தில் நின்றது. பதினொரு வருசமாக அங்கேதான் நிற்கிறதாம். புகைபோக்கிக்குள் ஒரு பறவை குடும்பமாக இருந்தது. சில்லுகளுக்கு இடையில் மரம் ஒன்று என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதோடு, களஞ்சியக்காரர் அந்தத் தண்டவாளத்தைக் கிளப்பப் போவதாகக் கடிதமும் கொடுத்திருந்தார். ஒக்டோபர் முடிவுக்குள் என்ஜின் போக வேண்டும். பழைய இரும்பு வாங்குபவர் வந்து அளந்து, எங்கெங்கே வெட்டுவது என்று வெள்ளைப் பெயின்றில் கோடும் போட்டுவிட்டுப் போயிருந்தார். இறைச்சிக் கடையில் தொங்கும் மாடு மாதிரி நின்றது பாவம்.

அது போய் ஒதுங்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. அடுத்த மாவட்டத்தில், ஒரு பள்ளத்தாக்குக்குள், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ரயில் ஓட்டும் ஆட்களின் கொட்டகை. அந்தக் கொட்டகைக்குப் பொறுப்பானவர் ஹெர் கொப், எங்கட பேச்சில் மிஸ்டர் கொப்.

ஹெர் கொப் நாற்பது வருசம் ரயில்வேயில் கொதிகலன் செய்தவர். குள்ளமான மனிதர். காதுக்குப் பின்னால் ஒரு சோக்குக்கட்டி, பின் பொக்கற்றில் ஒரு சின்னச் சுத்தியல். ஒன்பது மணி அடித்தால் உலகமே எரிந்தாலும் பாண் சாப்பிடுவார். கேள்வி கேட்க மாட்டார். ஏதாவது பிழை கண்டால் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். நீங்களாக வாய் திறக்கும்வரை நிற்பார். பத்து நிமிசம் நின்றாலும் நிற்பார். பிழை விடாதவன்கூட ஏதாவது ஒரு பிழையைக் கண்டுபிடித்து ஒப்புக்கொண்டுவிடுவான். அவர் பேசியது அந்தப் பக்கத்துப் பேச்சு டொச், அதாவது ஜெர்மன். நான் வகுப்பில் படித்த டொச்சை வைத்துக்கொண்டு முதல் ஒரு மாதம் தலையை மட்டும் ஆட்டினேன். அவர்கள் பேசியதை எல்லாம் இங்கே எங்கட பேச்சிலேயே எழுதுகிறேன். என் மனதில் அவர்கள் எல்லாரும் எங்கட ஊர்ப்பக்கத்து வடமராட்சிக்காரராகவே பேசுகிறார்கள்.

முதல் நாளே அவருக்கு நீராவியின் வெப்ப இயக்கவியலை விளக்கினேன். கையால் வரைபடம்கூடப் போட்டுக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரு சுரண்டியை எடுத்து என் கையில் தந்து, "ஹெர் இன்ஜினியர், துரு கீழை இருந்து மேலை," என்றார். அதற்குப் பிறகு அவருக்கு நான் ஹெர் இன்ஜினியர்தான். மரியாதைக்கு இல்லை.

டொக்டருக்கு அவர் சொல்லிவிட்ட நிபந்தனை இதுதான். என்னுடைய கொட்டகைக்குள் ஏற்கெனவே செத்த என்ஜின் மூன்று நிற்கிறது, நாலாவது பிணம் எடுக்க மாட்டேன். கொதிகலன் தண்ணீர்ப் பரிசோதனையில் பாஸ் பண்ணட்டும், இடம் தருகிறேன். அதற்கு ஆயத்தப்படுத்த வாரத்தில் மூன்று நாள் அவரே வருவார். என்ஜின் பாஸ் பண்ணினால் அதைத் திருத்த என்னையும் சம்பள வேலைக்குக் கேட்டுக் கடிதம் எழுதுவதாக டொக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். என் இரண்டு வருசத் தடை அப்போதுதான் முடிந்திருந்தது. ஆக, அந்த என்ஜின் கொட்டகைக்குப் போனால் நானும் போவேன். அது இரும்புக் கடைக்குப் போனால் நான் சேமக்காலை கூட்டப் போவேன்.

இனி ஆணிக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவும். நிலக்கரி எரியும் அறைக்குத் தீயறை என்று பெயர். அதற்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் இடையில் தண்ணீர். நீராவி அந்தச் சுவர்களைப் பிரித்துத் தள்ளப் பார்க்கும். அவற்றை ஒன்றோடொன்று பிடித்துவைப்பவைதான் அந்த ஆணிகள். விரல் தடிப்பு, ஒரு சாண் நீளம், வரிசை வரிசையாக. எங்கள் என்ஜினில் அறுநூற்றுப் பதினெட்டு. ஒவ்வொரு ஆணியின் தலையிலும் நடுவில் ஒரு சின்னத் துளை.

செப்டெம்பரில் ஹெர் கொப்புக்கு இடுப்பில் ஒப்பரேசன். போகும்போது ஒரு தாளில் வேலைகளை எழுதி வைத்துவிட்டுப் போனார். சுரண்டு, துடை, துருத் தடுக்கும் பெயின்ற் இரண்டு தரம் அடி. துளைகளைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. மூச்சு விட மறக்காதே என்று யாராவது எழுதி வைப்பார்களா?

எழுதி வைத்திருக்கலாம். துளைகளைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கம்பஸ் விழித்துக்கொண்டது. துளை போட்டால் ஆணியின் பலம் குறையும். மழைத்தண்ணீர் உள்ளே போனால் துரு பிடிக்கும். பதினொரு வருசமாக இந்த மடையர் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லையே என்று எனக்கு ஒரே கவலை. கொப்பியில் கணக்குப் போட்டேன், குறுக்குவெட்டுப் படத்தோடு. பிறகு, கார் நெளிந்தால் பூசி மட்டப்படுத்துவார்களே, அந்தப் பட்டி ஒரு தகரம் டொக்டர் வாங்கி வைத்திருந்தார். இடுக்குகளைத் துப்புரவாக்க என்று அவருடைய பழைய பல் ஆயுதங்களும் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அந்தச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு துளைக்குள்ளும் பட்டியைத் தள்ளி, அமத்தி, வழித்து, காய்ந்ததும் மட்டப்படுத்தி, மேலே பெயின்ற் அடித்தேன். அறுநூற்றுப் பதினெட்டையும். பன்னிரண்டு நாள். இரும்புக்காரரின் வெள்ளைக் கோடும் பெயின்றுக்குள் மறைந்துபோனது.

அந்த நாட்களில் டொக்டருக்குப் பின்னேரம் வந்து பார்க்கத்தான் நேரம் கிடைத்தது. அவருக்கு அந்த என்ஜினின் இலக்கம் தெரியும், எங்கெங்கே ஓடியது என்று தெரியும், விசில் எந்தச் சுருதி என்றுகூடத் தெரியும். துளை எதற்கு என்று தெரியாது. சுவரைத் தடவிப் பார்த்து, "என்ன வழுவழுப்பு," என்றார். பெருமையில் எனக்கு இரண்டு நாள் கால் நிலத்தில் படவில்லை.

ஆசை பொறுக்காமல், ஹெர் கொப் வருவதற்கு முன் நாங்களே ஒரு ஒத்திகைப் பரிசோதனை செய்து பார்த்தோம். கொதிகலனை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, காற்று முழுவதையும் வெளியே விட்டு, கைப்பம்பால் அழுத்தத்தை ஏற்றினோம். முள் ஏறியது, நின்றது. அரை மணித்தியாலம் லாம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றினோம். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. டொக்டர் என்னைக் கட்டிப்பிடித்தார். அன்றே பரிசோதகரைக் கூப்பிட்டுத் தெர்மின் எடுத்து, நாள் குறித்துவிட்டார். பத்து நாளில் வருவார்.

அடுத்த நாள் முந்திரிகைப் பழம், திராட்சைதான், வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று. ஹெர் கொப் கட்டிலில் நிமிர்ந்து படுத்திருந்தார். சோக்குக்கட்டி அங்கேயும் மேசையில் இருந்தது. ஒத்திகையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார். அவர் கேள்வி கேட்டதே எனக்குப் புதிது.

"எத்தினை அழுதது?"

"என்ன எத்தினை?"

"ஆணி. உள்ளுக்கை முறிஞ்ச ஆணியெண்டால் தண்ணி அந்த ஓட்டையாலை வெளியிலை வரும். அழும். அதுக்குத்தானே ஓட்டை."

ஒன்றும் அழவில்லை என்றேன். ஒன்றுமோ என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.  என்ஜினடியில் பக்கத்தில் வந்து நிற்பது போல, படுத்தபடியே நின்றார். அது எப்படி என்று கேட்க வேண்டாம், அவருக்கு முடிந்தது. நான் பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

ஹைமுக்குத் திரும்பி தவம் அண்ணையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஓட்டை அடைக்கவோ கம்பஸிலை படிச்சனீ?"

"அண்ணை, பகிடியை விடுங்கோ. இப்ப நான் சொன்னால் எட்டு நாளிலை ஒண்டும் செய்ய ஏலாது. என்ஜின் போச்சு, கடிதமும் போச்சு."

"அப்ப சொல்லாதை. பரிசோதகர் எண்டு ஒருத்தர் வாறார்தானே. அவர் கண்டுபிடிச்சால் பிடிக்கட்டும்."

அதைத்தான் நான் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். பரிசோதகர் கண்டுபிடித்தால், முறிந்த ஆணியை மறைக்கப் பார்த்த மனிதர் என்று டொக்டரின் பெயர் நாறும். பிறகு அந்த என்ஜினை யாரும் தொட மாட்டார்கள். கண்டுபிடிக்காவிட்டால்? ஒரு ஆணி முறிந்தால் பக்கத்து ஆணி அதன் பாரத்தையும் சேர்த்து இழுக்கும். அதுவும் முறிந்தால் அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் குழந்தை குட்டிகளோடு ஆட்கள் ஏறுவார்கள். இதற்குச் சமன்பாடு வேண்டாம். இதையும் தவம் அண்ணைக்குச் சொன்னேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நான் பதினாலு வருசம் பஸ் ஓட்டினனான். பிரேக் பிடிக்காத பஸ் எண்டு தெரிஞ்சுகொண்டு ஒருநாளும் எடுத்ததில்லை. உனக்கு என்னட்டை என்ன கேள்வி?"

காலையில் டொக்டரின் கிளினிக்குக்குப் போனேன். தெர்மின் இல்லாமல் பார்க்க முடியாது, வலி என்றால் மட்டும் பார்க்கலாம் என்றார் உதவியாளர். வலி என்றேன். பொய் இல்லை. என்னைக் கதிரையில் சாய்த்து, கழுத்தில் துணியைக் கட்டி, லைற்றைப் போட்டுவிட்டார்கள். டொக்டர் வந்து கண்ணாடியை வாய்க்குள் விட்டார். அவருக்குப் பேச இடம் கொடுக்காமல், கண்ணாடி உள்ளே இருக்கும்போதே நான் சொல்லத் தொடங்கினேன்.

"வாயை மூடுங்கோ," என்றார். பிறகு, "இப்ப திருப்பிச் சொல்லுங்கோ."

திருப்பிச் சொன்னேன். அவர் முகமூடியைக் கழற்றினார். கையுறையைக் கழற்றினார், பிறகு மறுபடி போட்டுக்கொண்டார். அந்த மனிதர் கோபப்பட்டு நான் கண்டது அவ்வளவுதான்.

"எல்லாத்தையுமோ?"

"ஓம். அறுநூற்றுப் பதினெட்டையும்."

"எதாலை அடைச்சனீங்கள்?"

"நீங்கள் வாங்கின பட்டியாலை. உங்கட கரண்டியாலை."

"அது நல்லாப் பிடிக்குமே," என்றார் கவலையோடு. லைற்றைத் தள்ளி வைத்தார். "இந்தக் கதிரையிலை இருக்கிற ஆக்கள் எல்லாரும் எனக்குப் பொய்தான் சொல்லுறவை. ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் பல்லுத் துலக்குறனாங்களாம். நீங்கள்தான் வந்து உண்மை சொல்லுறீங்கள், அதுவும் இப்பிடி ஒரு உண்மை." பிறகு மனதுக்குள் கணக்குப் போட்டார். "எட்டு நாள். ஒரு நாளைக்கு எழுபத்தெட்டு. நான் இஞ்சை ஒரு நாளைக்குப் பதினைஞ்சுதான் போடுறனான்."

எழும்பப் போனேன். தோளைப் பிடித்து அமத்தினார். வந்த இடத்தில் கீழ்ப்பல் ஒன்றில் ஓட்டை கண்டுவிட்டாராம். அதை அடைத்துத்தான் அனுப்பினார். அவருக்கு அது அன்றைக்கு ஏதோ ஒரு ஆறுதல்.

அன்றே ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஹெர் கொப் சிரித்து நான் ஒருநாளும் காணவில்லை. ஆனால் தாதி கண்டாராம். சிரித்ததில் தையல் போட்ட இடம் நோகிறது என்று மருந்து கேட்டாராம்.

எட்டு நாளும் துளைத்தோம். முதலில் டொக்டர் தன்னுடைய பழைய பல் துளைக்கும் மெசினையே கொண்டுவந்தார். அது ஒரு வரிசை முடிவதற்குள் செத்துப்போனது. பிறகு கைத்துளைப்பான்தான். இதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. முழங்கையைச் சுவரில் ஊன்ற வேண்டும். தள்ளக் கூடாது, பாரத்தை மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டு சுற்று உள்ளே, ஒரு தரம் வெளியே இழுத்துத் தூளைத் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் துளைக்கும் கம்பி உள்ளேயே முறிந்து இறுகிவிடும். அதைவிடப் பட்டியே மேல். இது எல்லாம் டொக்டருக்குப் பிறவியிலேயே தெரிந்தது போல வந்தது. ஒவ்வொரு ஆணியில் கை வைக்கும்போதும், பழக்க தோசத்தில், "இப்ப கொஞ்சம் நோகும்," என்பார். ஒரு ஆணிக்கும் சொல்லாமல் விடவில்லை.

சங்கத்தின் ஏழு பேரும் வந்தார்கள். தவம் அண்ணை சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர், மேல் வரிசை முழுவதையும் தானே துளைத்தார், ஒரு ஆணிக்கு ஒரு ஏச்சு எனக்கு. கடைசித் துளையில் நான் கம்பி விட்டு இழுத்தது பரிசோதனைக்கு முதல் நாள் பின்னேரம்.

பரிசோதகர் மண்ணிறக் கோட்டுப் போட்ட மெலிந்த மனிதர். ஹெர் கொப் ஊன்றுகோலோடு வந்து ஒரு பெட்டியில் உட்கார்ந்தார்.  சோக்குக்கட்டியை மட்டும் என்னிடம் தந்தார். தன்னால் குனிய ஏலாது, நீ போடு என்று அர்த்தம். தண்ணீர் நிரப்பி, காற்றை விட்டு, நான் பம்பினேன். முள் ஏறியது. பரிசோதகர் லாம்போடு சுவர் ஓரமாக ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தார். 

முதலில் ஒரு துளை மினுங்கியது. பிறகு அதன் விளிம்பில் ஒரு மணி உருண்டது, பெருத்தது, கீழே இறங்கியது. நான் சோக்கால் ஒரு சிலுவைக் கோடு போட்டேன். பக்கத்தில் இன்னொன்று. மேல் மூலையில் கூட்டமாக ஒரு பதினைந்து. முடிவில் எண்ணினேன். முப்பத்தேழு.

பரிசோதகர் தீயறைக்குள்ளும் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கொப்பியை மூடினார். "இதுக்கு நான் கையெழுத்து வைக்க ஏலாது," என்றார், நல்ல மாதிரியாகத்தான். டொக்டர் மற்றப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பதினொரு வருசம். நான் சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஹெர் கொப் எழும்பி வந்து, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, சோக்குக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டொக்டரின் பக்கத்தில் போய் நின்றார். வழமை போலப் பேசாமல். ஆனால் இந்த முறை அவரே வாய் திறந்தார்.

"முப்பத்தேழு இடத்திலை அழுற கொதிகலனை எனக்குத் திருத்தத் தெரியும். ஒரு இடத்திலையும் அழாத ஒண்டுக்குப் பக்கத்திலை நான் நிக்கவே மாட்டன். கொண்டு வாங்கோ."

"பாஸ் பண்ணேல்லையே," என்றார் டொக்டர்.

"எனக்குக் காது கேக்கும்." பிறகு என் பக்கம் ஊன்றுகோலை நீட்டினார். "இந்த இடுப்போடை நான் தீயறைக்குள்ளை பூர ஏலாது. அந்த ஹெர் இன்ஜினியரையும் சேர்த்துக் கொண்டு வாங்கோ."

என்ஜினைக் கொண்டுபோவது சுலபம். மாவட்டம் தாண்ட அதற்கு அனுமதி நாலு நாளில் வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. வேலை அனுமதி இருந்தால்தான் எனக்கு அது கிடைக்கும். எங்களுக்கு வேலை அனுமதி கொடுப்பதற்கு அப்போது ஒரு விதி. அந்த வேலைக்கு ஒரு டொச்சுக்காரரோ வேறு ஐரோப்பியரோ கிடைக்கவே மாட்டார் என்று முதலில் காட்ட வேண்டும். கோப்பை கழுவும் வேலைக்கு நான் போட்ட அந்திராக் அப்படித்தான் திரும்பி வந்தது. கோப்பை கழுவ உலகத்தில் ஆள் இருக்கிறார்கள்.

ஹெர் கொப் சொல்லச் சொல்ல டொக்டர் கிளினிக் தாளில் கடிதம் எழுதினார். அதை இன்றும் நான் பாடமாகச் சொல்வேன். "இந்த விண்ணப்பதாரர் மேற்படி கொதிகலனின் அறுநூற்றுப் பதினெட்டு ஆணித் துளைகளையும் தன் கையால் அடைத்து, பின்னர் அவற்றைத் தன் கையால் திறந்தவர். இந்த அனுபவம் உள்ள ஒரு டொச் நாட்டவரையோ வேறு ஐரோப்பியரையோ எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியும் என்றும் நாங்கள் நம்பவில்லை."

வேலை அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பக்கத்து அறைக்குப் போய் இன்னொருவரைக் கூட்டிவந்து அவருக்கும் வாசித்துக் காட்டினார். உண்மையோ என்று கேட்டார். உண்மை என்றேன். எல்லாவற்றையுமோ என்றார். "அறுநூற்றுப் பதினெட்டு," என்றேன். கேட்டவர்களுக்கு எல்லாம் சொல்லிச் சொல்லி அந்த எண்ணில் எனக்கு டொச் நன்றாக வந்துவிட்டிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே முத்திரை குத்தினார். வெளியே வந்து தாளைப் பார்த்தால், கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. அந்த என்ஜினின் திருத்த வேலை முடியும் நாள்வரை மட்டும் இந்த அனுமதி செல்லும்.

கொட்டகைக்குப் போனதும் அதைத்தான் ஹெர் கொப்பிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு, சின்ன எழுத்தை வாசித்தார். மணி ஒன்பது. பாணை வெட்டி எனக்கும் ஒரு துண்டு தந்தார்.

"அப்ப அவசரப்படாதை," என்றார்.

முப்பத்தாறு ஆணியும் அடுத்த ஈஸ்டருக்கு முன்பே மாற்றி முடித்துவிட்டோம். முப்பத்தேழாவதைக் கடைந்து, மரை வெட்டி, எண்ணெய் பூசி, தன்னுடைய மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார் ஹெர் கொப். வருசத்துக்கு ஒரு தரம் அலுவலகம் கேட்டு எழுதும். வருசத்துக்கு ஒரு தரம் அவர் பதில் எழுதுவார், வேலை நன்றாக நடக்கிறது, இன்னும் ஒரு ஆணி பாக்கி என்று. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. "ஓட்டைக்கு ஓடிப் போய் உண்மை சொன்னவர், இதுக்கு ஏன் பேசாமல் இருக்கிறார்?" என்று தவம் அண்ணை என்னைப் பார்த்துக் கேட்டார். ஆணி இன்னும் போடவில்லைத்தானே அண்ணை என்றேன்.

டொக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். என்ஜினைச் சுற்றி நடப்பார். விசிலைத் துணியால் துடைப்பார். அதன் சத்தத்தைக் கேட்கப் பதினொரு வருசம் காத்திருந்த மனிதர் அவர். அந்த லாச்சியில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். ஒரு தரம்கூட அவசரப்படுத்தவில்லை. எப்போது ஓடும் என்று ஊரில் யாராவது கேட்டால், வேர்வரைக்கும் போன கேஸ், நாள் எடுக்கும் என்பாராம்.

எண்பத்தொன்பது யூலையில் ஒரு நாள் என் அகதி அந்திராக்குக்கு முடிவு வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இனி வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம். கடிதத்தைக் கொண்டுபோய் ஹெர் கொப்பிடம் காட்டினேன். வாசித்தார். திருப்பித் தந்தார். லாச்சியைத் திறந்து அந்த ஆணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள், ஹெர் இன்ஜினியர்? மூண்டு வருசமாச்சு. டொக்டர் பாவம்."

அன்று பின்னேரமே போட்டு முடித்தோம். பிள்ளை, பைலில் நீ கண்ட திகதி அதுதான்.